யீ 2 செயலியில் மாட்யூலும் அடுக்குக் கன்ட்ரோலரும்: ஒரு முந்திரி வியாபாரத்தை வைத்து முழு வழிகாட்டி

பண்ருட்டியில் முந்திரிக் கொட்டை வாங்கி, உடைத்து, பருப்பாக விற்கும் ஒரு குடும்பத்துக்கு ஒரு வெப் செயலி எழுதித் தந்தேன். வேலை செய்தது கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், என் வீட்டு மாடியில். முதலில் கேட்டது சின்ன விஷயம்தான்: 80 கிலோ மூட்டையை எடை போட்டு, விலை போட்டு, விவசாயிக்கு ஒரு சீட்டு அடித்துக் கொடுக்கவேண்டும். நான்கு கன்ட்ரோலரில், அதாவது முகவரிக்கு வரும் வேண்டுகோளைக் கவனிக்கும் நான்கு கோப்புகளில், முடிந்தது. அடுத்த வருஷம் உடைப்புக் கூலிக் கணக்கு சேர்ந்தது. அப்புறம் டபிள்யூ 240, டபிள்யூ 320 என்று பருப்பைத் தரம் பிரிக்கும் பகுதி. அப்புறம் விற்பனை, பாக்கி, தினசரி அறிக்கை. மூன்றாம் வருஷ முடிவில் கன்ட்ரோலர்ஸ் ஃபோல்டரைத் திறந்தால் 37 கோப்புகள் அகர வரிசையில் நின்றன. எடைச்சீட்டுக்குப் பக்கத்தில் சம்பளம், சம்பளத்துக்குப் பக்கத்தில் சாக்கு இருப்பு. எதைத் தொட்டால் எது உடையும் என்று எனக்கே தெரியாத நிலை.

அதில் பெரும்பகுதியைப் பிரித்து ஒழுங்குபடுத்த ஒரு மாதம் பிடித்தது. அந்த மாதத்தில் கற்றதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். செயலி யீ 2 என்ற பிஹெச்பி ஃப்ரேம்வொர்க்கில் இருக்கிறது. 2014 அக்டோபரில் வந்த இந்த ஃப்ரேம்வொர்க்கில் மாட்யூல், அதாவது தன் கன்ட்ரோலர்களோடு தனியாக நிற்கும் குட்டிச் செயலி போன்ற பகுதி, அடிப்படையிலேயே உள்ள வசதி. லாராவெல்லில் அதற்குத் தனி பேக்கேஜ் போடவேண்டும். கோட்இக்னைட்டர் 3-இல் துணை ஃபோல்டர் உண்டு, மாட்யூலை வெளியிலிருந்து சேர்க்கவேண்டும். ஃப்ரேம்வொர்க் எதுவானாலும், எங்கே பிரிப்பது என்ற கேள்வி ஒன்றுதான்.

ஒரு குறிப்பு. கிளாஸ், ஃபோல்டர் பெயர்களை எல்லாம் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன். எடிட்டரில் அவற்றை ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து முக்கியமாகும் இடங்களில் தனியாகச் சொல்கிறேன். அது எவ்வளவு முக்கியம் என்பதைப் பட்டுத் தெரிந்துகொண்டேன். கதை பின்னால் வருகிறது.

முதல் படி: கம்ப்யூட்டரைத் தொடுவதற்கு முன்

ஒரு தாளை எடுத்து, செயலியின் ஒவ்வொரு திரைக்கும் எதிரே ‘இதை மாற்றச் சொல்லி எனக்கு யார் ஃபோன் செய்வார்?’ என்று எழுதுங்கள். என் தாளில் நான்கு பேர் வந்தார்கள். எடை போடுகிறவர், ஆலை மேற்பார்வையாளர், விற்பனையைப் பார்க்கும் முதலாளியின் மகன், கணக்கர். நான்கு பேர், நான்கு மாட்யூல்: பர்ச்சேஸ், ப்ராசஸ், சேல்ஸ், அக்கவுண்ட்ஸ்.

டேபிளை வைத்துப் பிரிக்க எனக்கு முதலில் ஆசை வந்தது. விவசாயி டேபிளுக்கு ஒரு மாட்யூல், மூட்டைக்கு ஒன்று, பருப்புக்கு ஒன்று. அப்படிச் செய்திருந்தால் ஒரு சீட்டு அடிக்க மூன்று மாட்யூல் கைகோர்க்க வேண்டியிருக்கும். ஆளை வைத்துப் பிரித்தால் அந்தத் தொல்லை குறையும். ஏனென்றால் ஒரே ஆள் கேட்கும் மாற்றங்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் விழும்.

ஒரு பகுதிக்கு மாட்யூல் தேவையா, வெறும் துணை ஃபோல்டர் போதுமா என்பதற்கு நான் மூன்று விஷயம் பார்க்கிறேன். அதற்குத் தனி அனுமதி விதி இருக்கிறதா? தனி முகப்பு, தனி லேஅவுட் (பக்கங்களைச் சுற்றி வரும் பொதுச் சட்டகம்) வேண்டுமா? அதை முழுதாகக் கழற்றி எடுத்தால் மற்ற பகுதிகள் ஓடுமா? இரண்டுக்காவது ஆம் என்றால் மாட்யூல். இல்லாவிட்டால் துணை ஃபோல்டர். அறிக்கைகள் அப்படித்தான் துணை ஃபோல்டரில் நின்றுவிட்டன. எல்லா டேபிளையும் படிக்கும் அறிக்கையைக் கழற்றித் தனியாக வைப்பதில் பொருளில்லை.

அளவுக்கு மீறிப் பிரிப்பதும் ஆபத்துதான். சிம்ஃபனி என்ற இன்னொரு பிஹெச்பி ஃப்ரேம்வொர்க்கில் முன்பு செயலியைப் பண்டில்களாகப் பிரிக்கச் சொன்னார்கள். 2017-இல் வந்த நான்காம் பதிப்பிலிருந்து, உங்கள் செயலியின் சொந்தக் கோடுக்குப் பண்டில் வேண்டாம் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். ஐந்து கன்ட்ரோலர்கூட இல்லாத செயலிக்கு மாட்யூல் போடாதீர்கள்.

இரண்டாம் படி: துணை ஃபோல்டரில் கன்ட்ரோலர்

எளிதானதை, அதாவது தலைப்பில் சொன்ன அடுக்குக் கன்ட்ரோலரை, முதலில் முடிப்போம். கன்ட்ரோலர்ஸ் ஃபோல்டருக்குள் ரிப்போர்ட் என்று ஒரு ஃபோல்டர். அதற்குள் டெய்லிகன்ட்ரோலர் கோப்பு. மேலே, கிளாஸ் எந்த இடத்தைச் சேர்ந்தது என்று சொல்லும் நேம்ஸ்பேஸ் வரியில் ஆப், கன்ட்ரோலர்ஸ், ரிப்போர்ட் என்று மூன்றும் வரவேண்டும். இந்த வரியை மாற்ற மறப்பது மிகச் சகஜம். டீபக் நிலையில் ஓட்டினால் ‘நேம்ஸ்பேஸ் விட்டுப்போனதா?’ என்று யீயே கேட்கும்.

இந்தக் கன்ட்ரோலரின் அடையாளம் இப்போது ‘ரிப்போர்ட்/டெய்லி’. திரையில் தெரிவதை வரையும் வியூ கோப்புகளும் அதே வழியில் போகவேண்டும்: வியூஸ், அதற்குள் ரிப்போர்ட், அதற்குள் டெய்லி. வியூவை மட்டும் பழைய இடத்திலேயே விட்டுவிட்டு, கோப்பைக் காணவில்லை என்ற பிழையோடு மல்லுக்கட்டும் புதியவர்களை நிறையப் பார்க்கிறேன்.

பெயர் வைக்கும் விதி இதுதான். கடைசிச் சாய்கோட்டுக்குப் பின்னால் வரும் பகுதியில் மட்டும், கிடைக்கோட்டால் பிரிந்த ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தும் பெரிதாகும், கிடைக்கோடு நீங்கும், கடைசியில் கன்ட்ரோலர் என்ற சொல் ஒட்டும். ஆகவே ‘வெயிட்-ஸ்லிப்’ என்ற அடையாளம் வெயிட்ஸ்லிப்கன்ட்ரோலர் என்ற கிளாஸைத் தேடும். அதில் வெயிட், ஸ்லிப் இரண்டுமே பெரிய எழுத்தில் தொடங்கவேண்டும். ஃபோல்டர் பெயர் மட்டும் எழுதியது எழுதியபடி அப்படியே போகும். அதில் கிடைக்கோடு போடாதீர்கள், பிஹெச்பி நேம்ஸ்பேஸில் அதற்கு இடமில்லை. சின்ன எழுத்தில் ஒரே சொல்லாக வைத்துவிட்டால் தலைவலி இல்லை.

மூன்றாம் படி: முதல் மாட்யூல்

ஒன்றை மட்டும் எடுத்துச் செய்யுங்கள். நான் பர்ச்சேஸை எடுத்தேன். செயலியின் அடியில் மாட்யூல்ஸ் ஃபோல்டர், அதற்குள் பர்ச்சேஸ், அதற்குள் கன்ட்ரோலர்ஸ், மாடல்ஸ் (டேபிளைப் படித்து எழுதும் கிளாஸ்கள்), வியூஸ் என்று மூன்று. இவற்றோடு மாட்யூல் என்ற பெயரில் ஒரு கிளாஸ் கோப்பு. அந்தக் கிளாஸ் யீயின் பேஸ் மாட்யூல் கிளாஸை நீட்டிக்கவேண்டும். யீயின் கோடு உருவாக்கும் கருவியான கீயை வைத்திருந்தால், மாட்யூல் ஜெனரேட்டரில் கிளாஸ் பெயரையும் அடையாளத்தையும் கொடுத்தால் மாடல்ஸ் ஃபோல்டரைத் தவிர மற்றதை அதுவே போட்டுத் தரும். முதல் தடவை கையாலேயே செய்யுங்கள் என்பேன். எந்தக் கோப்பு எதற்கு என்பது அப்போதுதான் மனத்தில் நிற்கும்.

பிறகு கான்ஃபிக் ஃபோல்டரில் வெப் கோப்பைத் திறந்து, மாட்யூல்ஸ் என்ற சாவியின் கீழ் ‘பர்ச்சேஸ்’ என்ற அடையாளத்துக்கு எதிரே அந்தக் கிளாஸின் முழுப் பெயரைக் கொடுங்கள். இனி ‘பர்ச்சேஸ்/பில்/கிரியேட்’ என்ற முகவரி, மாட்யூலுக்குள் உள்ள பில்கன்ட்ரோலரில் ஒரு வேலையைச் செய்யும் ஃபங்ஷனான கிரியேட் ஆக்‌ஷனுக்குப் போகும். முகவரி வெறும் ‘பர்ச்சேஸ்’ என்று நின்றால் டிஃபால்ட் என்ற கன்ட்ரோலரைத் தேடும். அதை மாற்ற, மாட்யூலின் டிஃபால்ட்ரூட் பண்பில் வேண்டிய பெயரைக் கொடுக்கலாம்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. மாட்யூல் கிளாஸில், மாட்யூல் தொடங்கும்போது ஓடும் இனிட் ஃபங்ஷனை நீங்கள் எழுதினால், அதன் முதல் வரியில் பேரன்ட்டின் இனிட்டைக் கட்டாயம் அழைக்கவேண்டும். கன்ட்ரோலர்கள் எந்த நேம்ஸ்பேஸில் இருக்கின்றன என்பதை யீ குறித்துக்கொள்வது அந்தத் தாய் ஃபங்ஷனில்தான். அழைக்காமல் விட்டால் பிழைச்செய்தி எதுவும் வராது. ஃபோல்டர் சரி, கிளாஸ் சரி, கான்ஃபிக் சரி, ஆனாலும் ஒவ்வொரு முகவரிக்கும் ‘பக்கம் இல்லை’ என்னும் 404 வரும்.

மாட்யூலின் சொந்த அமைப்புகளை, உதாரணமாக ஈரப்பதக் கழிவு எத்தனை சதவீதம், சாக்கு எடை எவ்வளவு என்பவற்றை, மாட்யூல் ஃபோல்டரிலேயே ஒரு கான்ஃபிக் கோப்பாக வைத்து இனிட்டில் யீயின் கான்ஃபிகர் ஃபங்ஷனால் ஏற்றிக்கொள்ளலாம். பொதுக் கான்ஃபிக்கில் இவற்றைக் குவிக்காதீர்கள்.

நான்காம் படி: யீ ஒரு முகவரியை எப்படிப் படிக்கிறது

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை நிதானமாகப் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள். மாட்யூல் சம்பந்தமாக எனக்கு வந்த பிரச்சினைகளில் பெரும்பாலானவை, முகவரியை யீ எந்த வரிசையில் உடைக்கிறது என்பது தெரியாததால் வந்தவை.

‘ப்ராசஸ்/கிரேடிங்/லாட்/வியூ’ என்ற ரூட்டை, அதாவது முகவரி சொல்லும் வழியை, எடுத்துக்கொள்வோம். செயலி முதல் சாய்கோடு வரை வெட்டி, ‘ப்ராசஸ்’ என்ற துண்டைக் கையில் எடுக்கிறது. அந்தப் பெயர், எந்தப் பெயருக்கு எந்தக் கன்ட்ரோலர் என்று நேராகச் சொல்லும் கன்ட்ரோலர்மேப்பில் இருக்கிறதா என்று முதலில் பார்க்கும். இல்லை. அந்தப் பெயரில் மாட்யூல் இருக்கிறதா? இருக்கிறது. உடனே மிச்சம் உள்ள ‘கிரேடிங்/லாட்/வியூ’ முழுவதையும் அந்த மாட்யூலிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிவிடும். ப்ராசஸ் மாட்யூல் இதே கேள்விகளைத் தனக்குள் கேட்கும். கிரேடிங் என்ற உள் மாட்யூல் இருப்பதால் ‘லாட்/வியூ’ அதனிடம் போகும். அங்கே லாட் என்ற பெயர் மேப்பிலும் இல்லை, மாட்யூலாகவும் இல்லை. ஆகவே லாட் என்பது கன்ட்ரோலர், வியூ என்பது ஆக்‌ஷன். லாட்கன்ட்ரோலர் எழுந்து வரும்.

ஒப்படைத்தால் ஒப்படைத்ததுதான், திரும்பி வராது. மாட்யூலுக்குள் கன்ட்ரோலர் கிடைக்காவிட்டால், ‘சரி, வெளியே அதே பெயரில் துணை ஃபோல்டர் இருக்கிறதா பார்ப்போம்’ என்று யீ வெளியே வந்து தேடாது. எனவே மேல்மட்டத்தில் ரிப்போர்ட் என்ற துணை ஃபோல்டரும் ரிப்போர்ட் என்ற மாட்யூலும் ஒன்றாக இருந்தால், ஃபோல்டருக்குள் உள்ள அத்தனை கன்ட்ரோலரும் யார் கண்ணுக்கும் தெரியாமல் போகும். ஃபோல்டரை மாட்யூலாக மாற்றும் அன்று பாதி கோப்பை நகர்த்திவிட்டு மிச்சத்தை நாளைக்கு என்று வைத்தால், அந்த மிச்சம் நாளை வரை வேலை செய்யாது.

இப்போது துணை ஃபோல்டர் எப்படிக் கிடைக்கிறது என்று பார்ப்போம். ரூட் ‘ரிப்போர்ட்/டெய்லி/பிரின்ட்’. ரிப்போர்ட் மேப்பில் இல்லை, மாட்யூலும் இல்லை. மிச்சத்தில் இன்னும் ஒரு சாய்கோடு இருப்பதால், இந்தத் தடவை கடைசிச் சாய்கோட்டில் வெட்டும். ‘ரிப்போர்ட்/டெய்லி’ கன்ட்ரோலர், ‘பிரின்ட்’ ஆக்‌ஷன். நல்லது.

ரூட் ‘ரிப்போர்ட்/டெய்லி’ என்று இரண்டே துண்டாக வந்தால்? முதலில் ரிப்போர்ட் என்ற கன்ட்ரோலர், டெய்லி என்ற ஆக்‌ஷன் என்று எடுத்துக்கொண்டு ரிப்போர்ட்கன்ட்ரோலரைத் தேடும். அப்படி ஒரு கிளாஸ் இல்லை என்றால் மட்டுமே ‘ரிப்போர்ட்/டெய்லி’ முழுவதையும் கன்ட்ரோலராகக் கருதி அதன் இன்டெக்ஸுக்குப் போகும். என்னிடம் ரிப்போர்ட்கன்ட்ரோலரும் இருந்தது, ரிப்போர்ட் ஃபோல்டரும் இருந்தது. தினசரி அறிக்கையின் பிரின்ட் பக்கம் திறந்தது, முகப்புப் பக்கம் மட்டும் 404. மூன்று துண்டு முகவரி வேலை செய்ய, இரண்டு துண்டு முகவரி செய்யாத காரணம் இந்த விதிதான். ஃபோல்டருக்கும் அதே மட்டத்தில் உள்ள கன்ட்ரோலருக்கும் ஒரே பெயர் வைக்காதீர்கள்.

கன்ட்ரோலர்மேப்பில் தேடுவது முதல் துண்டை வைத்து மட்டும்தான் என்பதையும் கவனியுங்கள். சாய்கோடு போட்ட பெயரை அங்கே எழுதினால் பயன் இருக்காது.

ஐந்தாம் படி: மாட்யூலுக்குள் மாட்யூல்

தரம் பிரிக்கும் பகுதி ஆலைக்குள்தான் நடக்கிறது. ஆனால் அதற்குத் தனி மேற்பார்வை, தனித் திரை. அதனால் ப்ராசஸ் மாட்யூலுக்குள் கிரேடிங்கை உள் மாட்யூலாக வைத்தேன். செய்முறை எளிது: ப்ராசஸின் ஃபோல்டருக்குள் இன்னொரு மாட்யூல்ஸ் ஃபோல்டர், அதற்குள் கிரேடிங். தாய் மாட்யூலின் இனிட்டில் பேரன்ட்டை அழைத்த பிறகு, மாட்யூல்ஸ் பண்பில் ‘கிரேடிங்’ அடையாளத்தையும் அதன் கிளாஸையும் கொடுக்கவேண்டும். பொதுக் கான்ஃபிக்கில் இதை எழுதவேண்டாம். குழந்தை எது என்பதைத் தாய் சொல்லட்டும்.

கோடில் எங்கிருந்தாவது அந்த உள் மாட்யூல் வேண்டுமென்றால் ஆப்பின் கெட்மாட்யூல் ஃபங்ஷனுக்கு ‘ப்ராசஸ்/கிரேடிங்’ என்று முழு வழியையும் கொடுக்கவேண்டும். அந்த மாட்யூலின் கோடுக்குள்ளேயே இருக்கும்போது கெட்இன்ஸ்டன்ஸ் நல்லது. நாளை அடையாளத்தை மாற்றினாலும் அது உடையாது.

இரண்டு அடுக்குக்கு மேல் நான் போனதில்லை. மூன்றாவது அடுக்கு தேவை என்று தோன்றினால், உள்ளே இருப்பது உண்மையில் வெளியே தனி மாட்யூலாக நிற்கவேண்டியது என்றே நினைக்கிறேன்.

முகவரி விதிகளில் ஒரு கவனம். ப்ரெட்டி யூஆர்எல் (கேள்விக்குறி இல்லாத சுத்தமான முகவரி) இயங்கி, ஸ்ட்ரிக்ட் பார்ஸிங் (எழுதிய விதிக்குப் பொருந்தும் முகவரியை மட்டும் ஏற்பது) அணைந்திருந்தால் நான்கு துண்டு முகவரியும் விதி இல்லாமலே ரூட்டாகப் போய்விடும். ஸ்ட்ரிக்டை இயக்கினால் மூன்று துண்டுக்கு ஒரு விதி, நான்கு துண்டுக்கு ஒரு விதி என்று நீங்களே எழுதவேண்டும். அப்படி எழுதும்போது பலரும் காப்பி எடுத்துப் போடும் ‘டபிள்யூ பிளஸ்’ பேட்டர்ன் கிடைக்கோட்டைப் பிடிக்காது. வெயிட்-ஸ்லிப் போன்ற கன்ட்ரோலர் மட்டும் கிடைக்காமல் போவது இதனால்தான். சதுர அடைப்புக்குள் கிடைக்கோட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: இணைப்புகளும் லேஅவுட்டும்

பர்ச்சேஸை நகர்த்திய மறுநாள், மேலே உள்ள மெனுவில் ‘வெளியேறு’ பொத்தான் வேலை செய்யவில்லை. முகப்புப் பக்கத்தில் வேலை செய்கிறது, சீட்டுப் பக்கத்தில் இல்லை. பொத்தானின் மேல் மவுஸை வைத்துப் பார்த்தேன். முகவரி ‘பர்ச்சேஸ்/சைட்/லாக்அவுட்’ என்று காட்டியது. கோடில் நான் எழுதியிருந்தது வெறும் ‘சைட்/லாக்அவுட்’.

காரணம் இதுதான். ரூட்டில் சாய்கோடே இல்லையென்றால், யீ அதை இப்போதைய கன்ட்ரோலரின் ஆக்‌ஷனாக எடுத்துக்கொள்ளும். நடுவில் சாய்கோடு இருந்து தொடக்கத்தில் இல்லையென்றால், இப்போதைய மாட்யூலின் முழு அடையாளத்தை முன்னால் ஒட்டிக்கொள்ளும். தொடக்கத்திலேயே சாய்கோடு இருந்தால் எதையும் ஒட்டாது. மாட்யூல் இல்லாத காலத்தில் இரண்டும் ஒன்றாகவே தெரிந்ததால், மூன்று வருஷமாக அந்த வித்தியாசம் என் கண்ணில் படவில்லை.

ஆகவே, பொது லேஅவுட்டில் உள்ள ஒவ்வொரு இணைப்புக்கும் முன்னால் ஒரு சாய்கோடு. மாட்யூலுக்குள் அதே மாட்யூலைக் குறிக்கும் இணைப்புக்குச் சாய்கோடு வேண்டாம். நாளை மாட்யூலின் பெயர் மாறினாலும் அவை தாமாகச் சரியாகிவிடும். இதை மாட்யூல் தொடங்குவதற்கு முன்பே, லேஅவுட் கோப்பில் தேடி எடுத்துத் திருத்திவிடுங்கள். அரைமணி நேர வேலை.

லேஅவுட்டுக்கும் இதே குணம் உண்டு. மாட்யூலில் லேஅவுட் சொல்லாவிட்டால் தாயிடம் கேட்கும், தாய் அதன் தாயிடம் கேட்கும், கடைசியில் செயலியின் லேஅவுட் வரும். கன்ட்ரோலரில் ‘மெயின்’ என்று நீங்களே பெயர் சொல்லிவிட்டால், அந்த மாட்யூலின் சொந்த வியூஸ், லேஅவுட்ஸ் ஃபோல்டரில்தான் தேடும். பொது லேஅவுட் வேண்டுமென்றால் இங்கேயும் முன்னால் ஒரு சாய்கோடு. ரென்டரில் வியூ பெயருக்கு வேறு கணக்கு: ஒரு சாய்கோடு என்றால் மாட்யூலின் வியூஸ், இரண்டு சாய்கோடு என்றால் செயலியின் வியூஸ்.

ஏழாம் படி: யாருக்கு எந்தக் கதவு

மாட்யூலின் மிகப் பெரிய பயனாக நான் நினைப்பது இதைத்தான். முன்பு 37 கன்ட்ரோலரிலும் தனித்தனியே அனுமதி விதி எழுதியிருந்தேன். ஒன்றில் மறந்தால் அந்தப் பக்கம் திறந்த வீடு. இப்போது மாட்யூல் கிளாஸின் பிஹேவியர்ஸில் அக்சஸ்கன்ட்ரோல் ஃபில்டரை ஒரே தடவை வைத்தால் போதும். உள்ளே புதிதாக எழுதும் கன்ட்ரோலருக்கும் பூட்டு தானாக விழும். எந்த விதியும் பொருந்தாதவரை அது உள்ளே விடாது. லாகின் செய்யாதவரை லாகின் பக்கத்துக்கு அனுப்பும், செய்தவருக்கு ‘அனுமதி இல்லை’ என்னும் 403 காட்டும்.

ஃபில்டர்கள் வெளியிலிருந்து உள்ளே ஓடும். முதலில் செயலி, பிறகு ப்ராசஸ், பிறகு கிரேடிங், கடைசியில் கன்ட்ரோலர். நடுவில் ஒன்று மறுத்தால் அங்கேயே நின்றுவிடும். வேலை முடிந்து திரும்பும்போது உள்ளிருந்து வெளியே. எனவே தாயிடம் கண்டிப்பான விதி இருந்தால் குழந்தை அதைத் தளர்த்த முடியாது. தரம் பிரிக்கும் திரையை ஆலை அனுமதி இல்லாத ஒருவருக்கும் காட்டவேண்டி வந்தபோது இதில் மாட்டினேன். தாயின் ஃபில்டரில் எக்ஸெப்ட் பட்டியலில் ‘கிரேடிங்/’ என்று தொடங்கி நட்சத்திரக் குறியோடு ஒரு வரி சேர்த்து, கிரேடிங்குக்குத் தனிப் பூட்டு போட்டேன். மாட்யூலில் வைக்கும் ஃபில்டருக்கு வெறும் ஆக்‌ஷன் பெயர் போதாது, அந்த மாட்யூலிலிருந்து தொடங்கும் வழியைக் கொடுக்கவேண்டும்.

பிஃபோர்ஆக்‌ஷனை மாட்யூலில் நீங்களே எழுதினால், தாய் ஃபங்ஷனை அழைத்து அது பொய் என்று சொன்னால் நீங்களும் பொய் என்றே திருப்பவேண்டும். மறந்தால் பூட்டு இருந்தும் கதவு திறக்கும்.

எட்டாம் படி: மாடல் யாருடையது

விவசாயி மாடலைப் பர்ச்சேஸும் படிக்கிறது, அக்கவுண்ட்ஸும் படிக்கிறது. இருவர் படிக்கும் மாடலைச் செயலியின் பொது மாடல்ஸிலேயே விட்டுவிட்டேன். ஒருவர் மட்டும் தொடுவதை மாட்யூலுக்குள் நகர்த்தினேன். அக்கவுண்ட்ஸ் பர்ச்சேஸைக் கேட்கலாம், பர்ச்சேஸ் அக்கவுண்ட்ஸைக் கேட்கக்கூடாது என்று திசையைத் தாளில் அம்புக்குறி போட்டு வைத்தேன். இரண்டு பக்கமும் அம்பு வந்தால் அந்த இரண்டும் இன்னும் பிரியவில்லை என்று அர்த்தம்.

விவசாயி டேபிளில் ‘மரம் வைத்த வருஷம்’ என்று ஒரு பத்தி இருக்கிறது. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறி, இந்தப் பக்கத்து முந்திரித் தோப்புகளைச் சாய்த்துவிட்டது. அதற்கு அப்புறம் வைத்த மரமா, தப்பித்த பழைய மரமா என்பது கொட்டை வாங்குகிறவருக்குத் தெரியவேண்டும். அதைக் கேட்பது வாங்குகிறவர் மட்டுமே. இப்படி ஒரே ஆளுக்கான பத்திகள் பொது மாடலில் சேரும்போது, அவற்றைத் தனி டேபிளாக மாட்யூலுக்குள் பிரித்தெடுப்பது நல்லது. அந்த ஒன்றைப் பிரித்த பிறகுதான் எனக்குப் பர்ச்சேஸ் மாட்யூல் முழுமையடைந்ததாகத் தோன்றியது.

டேபிள் அமைப்பை மாற்றும் மைக்ரேஷன் கோப்புகளையும் மாட்யூலுக்குள் வைக்கலாம். 2.0.10 பதிப்பிலிருந்து நேம்ஸ்பேஸ் உள்ள மைக்ரேஷன் உண்டு. கட்டளை வரிக்கான கன்சோல் கான்ஃபிக்கில் மைக்ரேட் கன்ட்ரோலருக்கு மைக்ரேஷன்நேம்ஸ்பேசஸ் பட்டியலைக் கொடுத்தால் போதும். வெப் கான்ஃபிக்கில் சொன்ன மாட்யூலைக் கன்சோல் தானாக அறியாது. கட்டளைகள் உள்ள மாட்யூல் என்றால் இரண்டு கான்ஃபிக்கிலும் எழுதவேண்டும்.

ஒன்பதாம் படி: சர்வரில் ஏற்றும்போது

நான் சொன்ன கதை இங்கே வருகிறது. என் லேப்டாப்பில் விண்டோஸ். ப்ராசஸ் மாட்யூலை உருவாக்கும்போது கன்ட்ரோலர்ஸ் ஃபோல்டரை பெரிய ‘சி’யில் தொடங்கிவிட்டேன். விண்டோஸுக்கு இரண்டும் ஒன்று, எல்லாம் ஓடியது. வாடகை சர்வர் லினக்ஸ். சாயங்காலம் ஏற்றிவிட்டு நான் சில்வர் பீச்சில் நடந்துகொண்டிருந்தபோது பண்ருட்டியிலிருந்து ஃபோன்.

“தம்பி, கூலி சீட்டு வரமாட்டேங்குது. ஆளுங்க நிக்கிறாங்க.”

“என்ன காட்டுதுண்ணே?”

“பக்கம் இல்லைன்னு சொல்லுது.”

லாகில் பிஹெச்பி பிழை ஒன்றுமே இல்லை, வெறும் 404. கிளாஸ் கோப்பை ஆட்டோலோடர் கண்டுபிடிக்கவில்லை என்றால், அப்படி ஒரு கன்ட்ரோலரே இல்லை என்று யீ முடிவுகட்டி 404 சொல்லிவிடும். அதனால் நான் முகவரி விதிகளைத்தான் ஒன்றரை மணி நேரம் சந்தேகப்பட்டேன். அதுவரை நாற்பது பேர் கூலிக்கு நின்றார்கள். மேற்பார்வையாளர் நோட்டில் எழுதிக் கொடுத்து அனுப்பினார்.

ஃபோல்டர் பெயரைத் திருத்தினாலும் விண்டோஸில் கிட் (கோடின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) அதை மாற்றமாகவே பார்க்காது. கிட் மூவ் கட்டளையால் வேறு ஒரு பெயருக்கு மாற்றி, மறுபடியும் அதே கட்டளையால் சரியான பெயருக்குக் கொண்டுவரவேண்டும். அன்றிலிருந்து மாட்யூல் வேலையை லினக்ஸ் கன்டெய்னரில் ஓட்டிப் பார்க்காமல் ஏற்றுவதில்லை.

பத்தாம் படி: பழைய முகவரிகள்

எடை போடுகிறவர் தன் ஃபோனில் ‘பில்/கிரியேட்’ பக்கத்தை முகப்புத் திரையில் ஒட்டி வைத்திருந்தார். நகர்த்தினால் அது உடையும். அதற்கு யூஆர்எல் மேனேஜரில் ஒரு விதி: ‘பில்/’ என்று தொடங்கி எந்த ஆக்‌ஷன் வந்தாலும் ‘பர்ச்சேஸ்/பில்/’ என்று தொடங்கும் அதே ஆக்‌ஷனுக்கு. இத்தோடு விட்டால் இன்னொரு வினை. யீயின் விதி இரண்டு பக்கமும் வேலை செய்யும். புதிய இணைப்பை உருவாக்கும்போதும் பழைய முகவரியையே எழுதிவிடும். விதியின் மோட் பண்பில் பார்ஸிங்ஒன்லி என்று கொடுங்கள். பழையதைப் புரிந்துகொள்ளும், புதியதைத்தான் எழுதும்.

வாரம் ஒரு மாட்யூல் என்று நகர்த்தினேன். ஒவ்வொன்றுக்கும் ஒரே வரிசை: லேஅவுட் இணைப்புகளைத் திருத்துவது, கன்ட்ரோலர், வியூ, பூட்டு, மாடல், பழைய முகவரி விதி. பர்ச்சேஸையும் ப்ராசஸையும் மாசியில் முடித்தேன், சேல்ஸைப் பங்குனியில். அதற்குள் கொட்டை வரத் தொடங்கிவிட்டது. மூட்டை இறங்கும் நாட்களில் கணக்கரின் திரையில் கைவைக்க எனக்கு மனம் வரவில்லை. அக்கவுண்ட்ஸ் மட்டும் வைகாசி முடியும்வரை பழைய ஃபோல்டரிலேயே இருந்தது. கடைசி லாரி கிளம்பிய மறுநாள் அதையும் எடுத்து வைத்தேன்.